துப்பாக்கியின் மேல் ஒரு துக்ரா



மதரஸாவில் பிள்ளைகளுக்கு நஹ்வும் ஸர்ஃபும் சொல்லிக்கொடுக்கும் ஒருவன் துப்பாக்கியைப் பற்றி எழுதப் புகுந்தால் நீங்கள் மூக்கின் மேல் விரல் வைப்பது இயல்பே. நான் வேட்டைக்காரன் அல்லன். கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்த நாட்களில், என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து .22 ரைஃபிளில் ஐந்து தோட்டாக்களைச் சுட்டதும், அவற்றுள் இரண்டு பக்கத்திலிருந்தவனின் அட்டையில் போய்த் துளையிட்டதுமே என் ஆயுத அனுபவம் முழுவதும். ஆயினும் பழைய துப்பாக்கி ஒன்றின் பொருட்டு ஒரு தவறான சொல் இரண்டாண்டுக் காலம் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. அறியாமல் சொன்ன தவறுதான். தவறென்று அறிந்த பிறகும் வாய் திறவாதிருந்தேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

என் தங்கை அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் வாழ்கிறாள். மச்சான் அங்கே பொறியாளர். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு முதியவர். வாழ்நாளெல்லாம் கடைசல் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். தனிமையில் அவருக்குத் துணை, பழைய இராணுவத் துப்பாக்கிகள். நம் ஊரில் சிலர் பழைய நாணயங்களையும் அஞ்சல்தலைகளையும் சேர்ப்பார்கள் அல்லவா? அதுபோல அந்நாட்டில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. சேர்ப்பதென்றால் அலமாரியில் வைத்துப் பூட்டுவதோடு முடிவதில்லை. எடுத்துச் சென்று சுட்டும் பார்க்கிறார்கள். அதே ஓஹையோவின் கேம்ப் பெரி என்னும் இடத்தில் 1907 முதல் தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் நடந்துவருகின்றன. பழைய படைத் துப்பாக்கிகளுக்கென்று தனிப் போட்டியும் உண்டு. நம் முதியவரும் அதில் கலந்துகொண்டவர்.

இவர்கள் விரும்பும் துப்பாக்கிகளின் அமைப்பு மிக எளியது. கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். 'போல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே தாழ்ப்பாள் என்றுதான் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை உலகின் படைகள் பெரும்பாலும் இந்தத் தாழ்ப்பாளை நம்பியே போரிட்டன. பிரிட்டிஷாருக்கு லீ-என்ஃபீல்டு, ஜெர்மானியருக்கு மவுசர், ரஷ்யருக்கு மோசின்-நகான்.

சேகரிப்பவர்களின் கண் இரும்பை விட அதன் மேலுள்ள முத்திரைகளிலேயே நிற்கிறது. எந்த ஆலை, எந்த ஆண்டு, எந்தப் படை, போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா, பிறகு எங்கே பழுது பார்க்கப்பட்டது... ஒரு கல்வெட்டைப் படிப்பதுபோல் படிக்கிறார்கள். வரலாறு படித்த எனக்கு இதைக் கேட்டபோது அவர்கள் மேல் ஒரு மதிப்பே உண்டாயிற்று.

2021-ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை. இஷா தொழுகை முடித்து வந்து அமர்ந்திருந்தேன். மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்பில் சில படங்கள் வந்தன. முதியவரோடு துப்பாக்கிச் சந்தை ஒன்றுக்குப் போயிருந்தார். "மச்சான், இதிலே அரபு எழுத்து இருக்கிறது. என்ன ஆண்டு என்று பெரியவர் கேட்கிறார். நீங்கள்தானே ஆலிம், உடனே சொல்லுங்கள். விற்பவன் காத்திருக்கிறான்" என்று குரல் பதிவு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடல் சிலிர்த்துவிட்டது! இரும்பின் மேல், பாதி தேய்ந்த நிலையில், உதுமானிய சுல்தானின் துக்ரா. மேலே எழும் மூன்று கோடுகள், இடப்புறம் முட்டை வடிவில் வளையங்கள், பக்கத்தில் 'அல்-காஸி' என்ற பட்டம். இரண்டாம் அப்துல் ஹமீது! துக்ராவுக்குள், அப்துல் மஜீதின் மைந்தர் அப்துல் ஹமீது கான் என்ற பெயரோடு 'என்றும் வெற்றி பெறுபவர்' என்ற சொல்லும் பின்னிக் கிடக்கும். கிலாஃபத் இயக்கக் காலத்தில் நம் முன்னோர் யாருடைய மகுடத்துக்காக ஊர் ஊராக நிதி திரட்டினார்களோ, அந்தப் பரம்பரையின் கையொப்பம்.

பக்கவாட்டில் ஒரு நீண்ட வரி. எழுத்து ஒவ்வொன்றும் தெரிகிறது. சொல் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அகராதியைப் புரட்டினேன், இல்லை. பிறகே புத்தி வந்தது: எழுத்துத்தான் அரபு, மொழி அரபு அன்று. எங்கள் உம்மும்மா ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபை ஓர் அரபியிடம் கொடுத்தால் அவர் எப்படி விழிப்பாரோ அப்படி நான் விழித்திருக்கிறேன்! அரபுத்தமிழில் எழுத்தைக் கூட்டித் தமிழாக ஒலிப்பதுபோல் வாய்விட்டு ஒலித்துப் பார்த்தேன். மவுசர்... ஓபர்ன்டார்ஃப்... ஆம், நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஜெர்மானிய ஊர். சுல்தானின் துக்ராவை அச்சடித்தது ஒரு ஜெர்மன் தொழிலாளியின் கை.

அடியில் ஆண்டு: 1311. இதில் என்ன சிரமம்? ஹிஜ்ரி 1311 என்பது கி.பி. 1893 ஜூலையில் தொடங்கியது. முதியவர் வாங்கப்போவதும் '1893 மாடல்' துருக்கி மவுசர் என்று மச்சான் சொல்லியிருந்தார். கணக்கு அச்சாகப் பொருந்தியது. "1893. முதல் ஆண்டிலேயே செய்தது" என்று பத்து நிமிடத்தில் பதில் அனுப்பினேன். முதியவருக்கு ஒவ்வொரு வகையிலும் முதல் ஆண்டுத் துப்பாக்கியைச் சேர்ப்பதில் ஒரு பித்து உண்டாம். விற்பவன் கேட்டதற்கு மேல் இருநூறு டாலர் ஏற்றிக் கேட்டும் கொடுத்து வாங்கிவிட்டார். "உங்கள் அறிஞருக்கு என் நன்றி" என்று அவர் சொன்னதாகச் செய்தி வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரச் சிறிது நேரமாயிற்று. பெருமையால்தான்!

சில மாதம் கழித்து உதுமானிய வரலாற்று நூல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். அப்துல் ஹமீது அரியணை இழக்கக் காரணமான கலகத்தைத் துருக்கியர் 'மார்ச் 31 நிகழ்வு' என்பார்கள். அது நடந்தது 1909 ஏப்ரல் 13-இல். அந்த மாதத்திலேயே, 27-ஆம் தேதி, சுல்தான் நீக்கப்பட்டார். ஏப்ரலில் நடந்ததற்கு மார்ச் என்று பெயரா? அடுத்து அந்த நாளின் பழைய ஆண்டைப் பார்த்தேன்: 1325. ஹிஜ்ரி 1325 என்றால் 1907 அல்லவா? என் வயிற்றில் ஏதோ புரண்டது.

வாசகர்களே, இங்கே சற்று நிதானமாகக் கேளுங்கள். நம் ஹிஜ்ரி ஆண்டு பிறைக்கணக்கு, 354 நாள். வரி வசூலும் சம்பளமும் விளைச்சலை ஒட்டி நடக்க வேண்டியிருந்ததால், உதுமானிய அரசு 1840 முதல் வரவு செலவுக்கென்று ஒரு சூரிய ஆண்டைக் கையாண்டது. மார்ச்சில் பிறக்கும் அதற்கு ரூமி ஆண்டு என்று பெயர். தொடங்கியபோது இரண்டு கணக்கிலும் 1256 தான். ஆனால் பிறையாண்டு ஆண்டுக்குப் பதினோரு நாள் முந்திக்கொண்டே போகும். சூரிய ஆண்டு பின்தங்கிக்கொண்டே வரும். ஐம்பத்தைந்து ஆண்டில் அந்த இடைவெளி இருபது மாதமாகிவிட்டது. பிறை கணக்கில் 1311 பிறந்தது 1893 ஜூலையில். ரூமி கணக்கில் 1895 மார்ச்சில். உதுமானியத் துப்பாக்கிகளின் ஆண்டைச் சேகரிப்பாளர்கள் ரூமி கணக்கிலேயே படிக்கிறார்கள். 584-ஐக் கூட்டினால் போதும் என்பது அவர்களிடையே பாலபாடம். துருக்கிக் குடியரசு 1926 தொடக்கத்தில் அதைக் கைவிட்டு ஐரோப்பிய ஆண்டுக்கு மாறிற்று.

ஆக, அந்தத் துப்பாக்கி முதல் ஆண்டினது அன்று. நான் சொன்னது பிழை. இருநூறு டாலர் என் நாவால் போயிற்று.

உடனே எழுதியிருக்க வேண்டாமா? எழுதவில்லை. 'வாங்கியதை வாங்கிவிட்டார், இனிச் சொல்லி என்ன பயன்' என்றேன் எனக்கே. 'மச்சானுக்கு அல்லவா தலைக்குனிவு' என்றேன். உண்மை என்னவென்றால், 'அறிஞர்' என்ற பட்டத்தை இழக்க மனம் வரவில்லை. பிள்ளைகளிடம், தெரியாததைத் தெரியாது என்று சொல்வது கல்வியில் பாதி என்று வாய் ஓயாமல் சொல்பவன் நான்.

2023 கோடையில் தங்கைக்குப் பிரசவம். உம்மாவைத் தனியாக அனுப்ப முடியாமல் நானும் உடன் சென்றேன். விமானத்தில் உம்மா உறங்கினார். எனக்கு அந்தத் துப்பாக்கியே கண்முன் நின்றது.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் முதியவர் அழைத்தார். மச்சான் முன்கூட்டியே ஒரு சட்டப் பாடம் நடத்தினார். சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்க அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. அதே சட்டம் 1898 முடியச் செய்யப்பட்ட துப்பாக்கியைத் தொல்பொருள் என்று ஒதுக்கிவிடுகிறது, அதைத் தொடலாம். என் பிழையால் ஆண்டு 1893-லிருந்து 1895 ஆனதே தவிர, எல்லையைத் தாண்டவில்லை. இன்னும் நாலாண்டு தள்ளிப் போயிருந்தால்? நினைக்கவே கூசியது.

இரும்பு அலமாரி திறந்தது. எண்ணெய் மணம். முதலில் என் கண்ணில் பட்டது துருக்கித் துப்பாக்கி அன்று. அதற்குப் பக்கத்தில் நின்ற லீ-என்ஃபீல்டு. கழுத்தருகே ஒரு கிரீடம், கீழே 'இஷாப்பூர்', 1943. ஹூக்ளிக் கரையில் நம்மவர்கள் கடைந்து செய்தது! நம் காவலர் தோளில் நாம் சிறுவயது முதல் பார்த்த .303 இதுதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளன்று தான் இதற்கு விடைகொடுத்தது. நம் நாட்டில் இந்தக் குழலளவு தடை செய்யப்பட்ட வகை. தனியார் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி வைக்கக்கூடியதன்று. என் நாட்டுத் துப்பாக்கியை நான் தொடக்கூடாது. சுல்தானின் துப்பாக்கியைத் தொடலாம். கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். 1915-16-இல் கலிப்போலியிலும் மெசபடோமியாவிலும் இந்த இரண்டு இனமும் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டன. .303 ஏந்தி நின்றவர்களில் நம் நாட்டு முஸ்லிம்களும் இருந்தார்கள். கூத்தில் சரணடைந்து சிறைப்பட்ட படையிலும் இருந்தார்கள். இங்கே இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே எண்ணெயில்.

மவுசரை எடுத்து முதியவர் என் கையில் கொடுத்தார். நாலு கிலோ இருக்கும். துக்ராவை உருவியது காலம் அன்று, அரம். குடியரசு வந்தபின் 1930-களில் இவற்றை அங்காரா ஆலையில் புதுக்கினார்கள், 7.65 மில்லிமீட்டர்க் குழலை மாற்றி 8 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். பழைய முத்திரைகள் பல அப்போது தேய்க்கப்பட்டன. 1928-இல் எழுத்தே மாறிவிட்டதால் புதிய முத்திரை லத்தீனில்: 'அங்காரா'. ஒரே இரும்பில், ஒரு விரற்கடை இடைவெளியில், இரண்டு எழுத்து. உம்மும்மாவின் கிதாபை இன்று எங்கள் வீட்டில் என்னைத் தவிரப் படிப்பார் இல்லை என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

முதியவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார். 1887-இல் சுல்தானின் அரசு மவுசரிடம் 5,00,000 துப்பாக்கியும் 50,000 சிறு துப்பாக்கியும் கேட்டு ஒப்பந்தம் செய்ததாம். 'இடையில் நீ இதைவிட நல்லதாக ஒன்று கண்டுபிடித்தால், மீதியை அப்படியே தர வேண்டும்' என்று அதில் ஒரு விதி. அதன்படியே புகையில்லா மருந்து வந்ததும் பழைய மாடலை நிறுத்திவிட்டு 1890 மாடலை வாங்கினார்கள். சரக்கைச் சோதிக்க உதுமானிய அதிகாரிகள் ஓபர்ன்டார்ஃபிலேயே தங்கியிருந்தார்கள். நோய்ப்பட்ட அரசு என்று ஐரோப்பா ஏளனம் செய்த காலத்தில் இத்தனை விவரமான ஒப்பந்தம்! எனக்கு இது பிடித்திருந்தது. வேறு வேளையாக இருந்தால் இன்னும் கேட்டிருப்பேன்.

கண்ணாடிக்குள் ஒரு சிறு அட்டையைக் காட்டினார். '1893, முதல் ஆண்டு' என்று அழகிய கையெழுத்தில். அடியில், 'இந்தியாவைச் சேர்ந்த அரபு ஆசிரியர் படித்துச் சொன்னது.'

சொல்லிவிட்டேன். மச்சான் மொழிபெயர்க்கத் தயங்கினார். "ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கள்" என்றேன். ரூமி ஆண்டையும், நான் கண்டுபிடித்த நாளையும், இரண்டாண்டு மறைத்ததையும். நான் கொண்டுவந்திருந்த இருநூறு டாலர் உறையையும் மேசையில் வைத்தேன்.

முதியவர் உடனே சிரித்து என் முதுகில் தட்டினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் சிரிக்கவில்லை. உறையைத் திரும்பத் தள்ளினார். அட்டையை எடுத்து நெடுநேரம் பார்த்தார். "உனக்குத் தெரிந்த அன்றே சொல்லியிருந்தால் விற்றவனிடம் கேட்டிருப்பேன். அவன் சென்ற ஆண்டு இறந்துவிட்டான்" என்றார். நான் தலை குனிந்திருந்தேன். சிறிது நேரம் சுவர்க்கடிகாரம் மட்டும் ஒலித்தது. பின்பு 1893-ஐ ஒரு கோட்டால் அடித்து '1895-96' என்று எழுதினார். 'முதல் ஆண்டு' என்பதையும் அடித்தார். என் பெயரை அடிக்கவில்லை. பேனாவை என்னிடம் நீட்டி, திருத்தத்தின் பக்கத்தில் கையொப்பமிடச் சொன்னார். அரபு எழுத்தில் இட்டேன்.

மறுநாள் அழைப்பு வராது என்றிருந்தேன், வந்தது. துப்பாக்கிக் கழகத்தின் திடல், ஊருக்கு வெளியே சோளக்கொல்லைகளுக்கு நடுவே. காதுகளை மூடிக்கொள்ளக் கவசம் தந்தார்கள். நான் தோட்டாவைத் தொடக்கூடாதாகையால் பின்வரிசையில் நின்றேன். ஐந்து தோட்டாக்கள் ஒரு தகட்டில் கோத்து வருகின்றன. முதியவர் அதைப் பெட்டியின் வாயில் பொருத்திக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் உள்ளே இறக்கினார். எழுபத்தெட்டு வயது! குறிகாட்டியில் உள்ள அரபு எண்களைத் தானே படித்தார். முன்பெல்லாம் நம் ஐந்து அவருக்குச் சுழியமாம், ஏழு ஆங்கில 'வி' எழுத்தாம். இப்போது தடுமாற்றம் இல்லை. குறிகாட்டி நெடுந்தூரத்துக்கென அமைந்ததால் நூறு கஜத்தில் குண்டு மேலே ஏறி அடிக்கும் என்று அட்டையின் அடிவிளிம்பைக் குறிவைத்தார். ஓசை நெஞ்சில் மோதியது. பின்கட்டையின் இரும்புத்தகடு அவர் மெலிந்த தோளை ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் பின்னுக்குத் தள்ளியது. ஐந்தில் நான்கு உள்ளங்கை அகலத்துக்குள்.

அப்போது அவருடைய தோழர் ஒருவர் படம் எடுக்க வந்தார். "அறிஞர் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளட்டும்" என்றார் அன்போடு. தொல்பொருள்தான், தொடலாம்தான். ஆனால் தாடியும் தொப்பியுமாக ஒருவன் கையில் இராணுவத் துப்பாக்கியோடு நிற்கும் படம் எங்கெங்கே போகும், யார் யார் கண்ணில் என்னவாகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுத்துவிட்டேன். முதியவர் காரணம் கேட்கவில்லை. தாமே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். என் இரு கைகளும் வெறுமையாகத் தெரியும்படி.

வீடு திரும்பியதும் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அவர் சுட்டவை 1940-களில் துருக்கியில் செய்த பழைய தோட்டாக்கள். அவற்றின் பற்றவைப்பு மருந்து குழலுக்குள் ஒருவகை உப்பைப் படியவிடும்; ஈரத்தை இழுத்து இரண்டொரு நாளில் துருவேற்றிவிடும். எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது, வெந்நீருக்கே கரையும். போல்ட்டைக் கழற்றிவிட்டு அவர் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிக்க, நான் கெண்டியால் புனலில் ஊற்றினேன். முதலில் கருநீராக வந்தது. பிறகு சாம்பல் நிறம். மூன்றாம் கெண்டியில் தெளிந்தது.

புறப்படும் நாளில் சுட்ட கூடு ஒன்றை நினைவாகத் தந்தார். பெட்டியில் வெற்றுத் தோட்டாக்கூடு இருந்து விமான நிலையத்தில் அகப்பட்டவர்களின் செய்திகளை நாம் படித்திருக்கிறோமே! வேண்டாமென்று வணங்கிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை இரும்பின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் துக்ராவைப் பிரதியெடுத்துக்கொண்டேன். அது இப்போது உம்மும்மாவின் அரபுத்தமிழ்க் கிதாபுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். துக்ரா பாதிதான் வந்திருக்கிறது. 'அல்-காஸி' நன்றாகத் தெரிகிறது. 1311-இல் கடைசி ஒன்று மங்கல். இன்னும் சற்று அழுத்தித் தேய்த்திருக்கலாம்.